நூறு பழமும் ஒரு கிலோவும்

ஆனி, ஆடி மாதங்களில் சென்னையை அடுத்த தாம்பரம் ஜி.எஸ்.டி. சாலையோரத் தள்ளுவண்டிகளில் ரம்புட்டான் வந்துவிடுகிறது. கிலோ, அரைக்கிலோ என்று தராசில்தான் விலை. இலங்கையிலோ நூறு பழம் இவ்வளவு என்று எண்ணித் தருகிறார்கள். இரண்டில் எண்ணி விற்பதே இந்தப் பழத்துக்கு ஏற்றது என்பது என் கருத்து.

காரணம் பழத்தின் இயல்பு. லிச்சியும் நம் பூந்திக்கொட்டையும் இதன் குடும்பத்தைச் சேர்ந்தவை. மா, வாழை போல ரம்புட்டான் பறித்தபின் பழுப்பதில்லை. மரத்தில் ஏறிய இனிப்போடு சரி. மேல்தோலின் முடிகள் வழியே ஈரம் வெளியேறி, சில நாட்களிலேயே நுனி கறுத்துவிடும்.

இலங்கை ரம்புட்டானுக்குப் பேர்போன ஊரான கம்பஹா மாவட்டத்து மல்வானை களனி ஆற்றங்கரையில் இருக்கிறது. வௌவாலுக்குப் பயந்து மரத்தையே வலையால் மூடி வளர்க்கிறார்கள். கொழும்பு சுமார் 20 கிலோமீட்டர்தான். காம்போடு கொத்தாகக் கட்டி விற்கும்போது, காம்பின் பசுமையே பறித்த நாளைச் சொல்லிவிடும்.

தாம்பரத்துக்கு வருவது பெரும்பாலும் கேரளப் பழம். ரப்பர் விலை சரிந்தபின் கோட்டயம், பத்தனம்திட்டா பக்கம் பலர் ரம்புட்டானுக்கு மாறினார்கள். அங்கும் மரத்துக்கு வலை உண்டு. ஆனால் கோட்டயத்திலிருந்து சென்னைக்குச் சுமார் 700 கிலோமீட்டர். உதிரியாகப் பெட்டியில் வரும் பழத்தில் காம்பு இல்லை. வயதை அறிய வழியும் இல்லை. எடையில் பாதிக்கு மேல் தோலும் கொட்டையும். ஈரம் குறையக் குறைய வியாபாரிக்கு எடை நட்டம், அதனால் தண்ணீர் தெளிக்கிறார். வாடல் மறைகிறது, அழுகலும் சீக்கிரம் வருகிறது. எண்ணி விற்றால் தண்ணீருக்கு விலை கிடையாது.

எண்ணிக்கையில் சிறு பழம் கலந்துவிடும் என்பார்கள். அளவு கண்ணுக்குத் தெரியும், பார்த்து வாங்கலாம். பழைய பழத்தைத் தராசு காட்டிக்கொடுக்காது.

நீண்ட கோடை வாட்டும் தாம்பரத்தில் இந்த மரம் செழிக்காது. நீலகிரிச் சரிவில் பர்லியார் போன்ற ஈரமான இடம் அதற்கு வேண்டும். நம்மால் முடிவது வழியைக் குறைப்பது. தெற்கிலிருந்து வரும் லாரி நம்மைக் கடந்து கோயம்பேடு சந்தைக்குப் போகிறது. பழம் அங்கிருந்து மறுபடி தாம்பரம் திரும்புகிறது. சீசனில் இங்கேயே சில பெட்டிகளை இறக்கி, காம்போடு, இருபத்தைந்து பழக் கொத்துகளாக விற்றால் வாங்குபவருக்கும் நல்லது, வியாபாரிக்கும் நட்டமில்லை.