கரிசல் தண்ணீரில் ஒரு வாட்டர் ஃப்ளாஸர்

அப்பாவுக்குக் கீழ்த்தாடை முழுக்க இம்ப்ளாண்ட் பல். எலும்பில் இறக்கிய டைட்டானியம் திருகுகளின்மேல் கழற்ற முடியாத ஒரே பாலமாக வரிசைப் பல் உட்கார்ந்திருக்கிறது. அதைச் சுத்தம் செய்ய வாங்கிய, தண்ணீரைப் பீய்ச்சும் கையடக்க வாட்டர் ஃப்ளாஸர் சில வாரங்களாக வீட்டில் ஓடுகிறது. எத்தனை மோடு, எவ்வளவு நேரம் சார்ஜ் என்பதெல்லாம் அட்டைப்பெட்டியிலேயே இருக்கிறது.

கோவில்பட்டிக்காரரைக் கடலைமிட்டாய் தின்னாதே என்று சொல்ல முடியுமா? 2020-ல் புவிசார் குறியீடு வாங்கிய பண்டம். பொடித்துத்தான் கொடுக்கிறோம். ஆனாலும் துணுக்குகள் பாலத்துக்கும் ஈறுக்கும் நடுவில் போய் அடைந்துகொள்ளும். பிரஷ் அங்கே எட்டாது. நன்றாகக் கொப்பளித்துத் துப்பிய பிறகும் இந்தக் கருவி வாஷ்பேசினில் கொண்டுவந்து கொட்டுவதைப் பார்த்த முதல் இரவே, வாங்கியது சரி என்று தோன்றிவிட்டது.

என் கோபமெல்லாம் தொட்டியின் மேலும் நாசிலின் மேலும்தான். எங்கள் போர் தண்ணீர் குடத்திலேயே வெள்ளையாகப் படியும் உப்புத் தண்ணீர். அதை ஊற்றினால் நாசில் துளை அடைத்து, தண்ணீர் கோணலாகப் பீய்ச்சுகிறது. கூட வந்த கையேட்டில் இதைப்பற்றி ஒரு வரி இல்லை. வெதுவெதுப்பான தண்ணீரில் வெள்ளை வினிகர் கலந்து ஓட்டினால் உப்பு கரைகிறது. இப்போது குடிக்கச் சேர்த்துவைத்த தாமிரபரணித் தண்ணீரைத்தான் ஊற்றுகிறோம். தொட்டியோ சின்னது; உதட்டுப் பக்கம் முடிவதற்குள் காலி. நாக்குப் பக்கத்துக்கு மறுபடி நிரப்ப வேண்டும். வயதானவர்கள் அங்கேயே சலித்துப்போய்ப் பாதியில் விட்டுவிடுகிறார்கள்.

பாதியில் விடக்கூடாத காரியம் இது. இயற்கைப் பல்லுக்கும் எலும்புக்கும் இடையில் ஒரு தசைநார் உண்டு. இம்ப்ளாண்ட் நேரே எலும்போடு ஒட்டியிருப்பது. கிருமி இறங்கினால் ஆரம்பத்தில் வலிகூடத் தெரியாமல் எலும்பு கரையும். பராமரித்தாலோ நீண்ட காலம் உழைக்கும். 1965-ல் ஸ்வீடனில் டாக்டர் பிரோனமார்க் முதன்முதலில் ஒரு நோயாளிக்குப் பொருத்திய டைட்டானியம் இம்ப்ளாண்ட், அவர் 2006-ல் இறக்கும்வரை நிலைத்து நின்றது.

தண்ணீர் மட்டும் போதாது. ஒட்டிய படலத்தைத் தேய்த்துத்தான் எடுக்கவேண்டும். அதற்கு சூப்பர் ஃப்ளாஸ் என்ற தடித்த நூலும், கம்பிக்கு பிளாஸ்டிக் உறை போட்ட குட்டி பிரஷும் வேண்டும். சாம்பலும் உப்பும் வைத்துத் தேய்த்தால் பாலத்தின் அக்ரிலிக்கில் கீறல் விழும்.

முழுவரிசை இம்ப்ளாண்ட் உள்ளவர்கள் கையடக்க மாடலை விட்டு, பெரிய தொட்டியோடு மேசையில் வைக்கும் மாடலை வாங்குங்கள். குறைந்த அழுத்தத்தில் தொடங்குங்கள். குடிக்கிற தண்ணீரையே ஊற்றுங்கள்.