தங்க ரேக்குக் கண்ணாடியில் மனித முகம்

உரோமாபுரியின் நிலத்தடிக் கல்லறைகளில் கிடைத்த பொன்முகக் கண்ணாடி வட்டங்களை ‘ஆதித் திருச்சபையின் சமயக் கலை’ என்னும் தலைப்பின்கீழ் வைப்பது வரலாற்று நூல்கள் பலவற்றின் வழக்கம். அத்தலைப்பை நாம் ஏற்பதற்கில்லை. அவற்றுள் மிகுதியானவை நான்காம் நூற்றாண்டுப் பானக் கிண்ணங்களின் அடிப்பகுதிகளே. கண்ணாடியின்மேல் தங்க ரேக்கை ஒட்டி, கூரிய முனையால் முகங்களைக் கீறி, மேலே மற்றொரு கண்ணாடியை உருக்கிப் பொருத்தினர். பின்னர் அடிப்பகுதி மட்டும் கல்லறையை மூடிய சாந்தில் பதிக்கப்பட்டது. பிரேதத்தின் அருகே கிடைத்த இப்பொருள் முன்னர் விருந்து மேசையில் இருந்ததாகும். ‘குடி, வாழ்வாயாக’ என்னும் வாழ்த்தே அதற்குச் சான்று.

இக்கைவினை ஒரு சமயத்தார்க்கு மட்டும் உரியதன்று. யூதரின் ஏழு கிளைக் குத்துவிளக்கைத் தாங்கிய வட்டங்கள் உண்டு. எர்க்குலிஸைத் தாங்கியவையும் உண்டு. பேதுருவும் பவுலும் அடிக்கடி வருகின்றனர். அவர்களுடைய மெய்ச்சாயலை இவற்றில் தேடுவோர், இடையே ஏறக்குறைய முந்நூறு ஆண்டுகள் கடந்தமையை மறக்கின்றனர். சிலவற்றில் இருவர் முகமும் ஒரே வார்ப்பு. பெயரெழுத்து இல்லையேல் யார் எவரென்று அறிய இயலாது. கலை என்ற அளவில் இவை எளியவை. வீட்டாரின் அன்பைக் காட்டுவனவாகவே மதிக்கத்தக்கவை.

முகத்தை முகமாகவே காட்டிய படைப்பு வேறொன்று. வட இத்தாலியிலுள்ள பிரேசியா நகரின் அருங்காட்சியகத்தில், தெசிதேரியுவின் சிலுவை எனப்படும் மணிகள் இழைத்த பெருஞ்சிலுவையில் அது பதிக்கப்பட்டிருக்கிறது. நீலக் கண்ணாடியின்மேல் ஒரு பெண்ணும் இளையோர் இருவரும். உள்ளங்கையில் அடங்கும் அச்சிறு வட்டத்தில், மயிரிழைபோன்ற கீறல்களால் கன்னத்தின் நிழலையும் கண்ணின் ஈரத்தையும் தந்துள்ள கை வியக்கத்தக்கது. அரசி கல்லா பிளாசிதியாவும் அவள் மக்களுமே இவர்கள் என்று நெடுங்காலம் சொல்லிவந்தனர். அவளோ 450இல் மரித்தவள். வட்டமோ மூன்றாம் நூற்றாண்டினது என்பதே இன்று பெரும்பாலோர் முடிவு. அதிலுள்ள கிரேக்க எழுத்துகளும் அலெக்சாந்திரியா வழக்கையே காட்டுகின்றன. எழுதப்பட்ட பெயர் கலைஞனுடையதா, குடும்பத் தலைவனுடையதா என்பதில் அறிஞர் உடன்பட்டிலர். உடையின் முடிச்சைக் கண்டு, இசிஸ் தேவதையை வழிபட்ட வீட்டார் எனக் கருதுவோரும் உளர். அவ்வாறாயின், புறச்சமயக் குடும்பமொன்றே சிலுவையில் இடம்பெற்றதாகும்.

இதில் நாம் இடறத் தேவையில்லை. இடறல் அரசியின் பெயரிலேயே இருக்கிறது. பெயரில்லாதோரின் முகம் இத்துணைச் சிறப்பாக அமைந்திருக்கலாகாது என்னும் எண்ணமே அப்பெயரைத் தேடிக் கொணர்ந்தது. இனி இப்படத்தை அச்சிடுவோர், ‘ஒரு தாயும் இரு பிள்ளைகளும்’ என்று கீழே எழுதினால் போதும்.