பீட்டர் ஷெல்டாலின் இறுதிக்கால எழுத்துகள்: ஓவியமும் இறப்பும்

பீட்டர் ஷெல்டால் (1942–2022) அமெரிக்கக் கவிஞர், கலை விமர்சகர். வடக்கு டகோட்டா மாநிலத்தின் ஃபார்கோ நகரில் பிறந்தவர். கல்லூரிப் படிப்பைப் பாதியில் விட்டவர். முதலில் 'வில்லேஜ் வாய்ஸ்' இதழிலும், 1998 முதல் 'நியூயார்க்கர்' இதழிலும் ஓவியக் கண்காட்சிகளைப் பற்றி எழுதினார். 2019 ஆகஸ்டில் அவருக்கு நுரையீரல் புற்றுநோய் முற்றியிருப்பது தெரியவந்தது. ஆறு மாதம்தான் என்று மருத்துவர்கள் கணித்தனர். அவ்வாண்டு டிசம்பரில் வெளிவந்த 'தி ஆர்ட் ஆஃப் டையிங்' (இறத்தல் என்னும் கலை) என்ற நீண்ட கட்டுரை அவரைப் பரவலான வாசகர்களிடம் கொண்டு சேர்த்தது.

தலைப்பைப் பார்த்து ஏமாறக் கூடாது. ஐரோப்பாவில் 15ஆம் நூற்றாண்டில், நல்லபடியாக இறப்பது எப்படி என்று கற்பிக்கும் இலத்தீன் கையேடுகள் புழங்கின. அந்தப் பழைய பெயரைத்தான் ஷெல்டால் எடுத்துக்கொள்கிறார். ஆனால் அறிவுரை ஒன்றும் சொல்வதில்லை. பதினாறு வயது முதல் புகைபிடித்தவன், இதில் வியக்க ஒன்றுமில்லை என்ற தொனியில் தொடங்கி, துண்டு துண்டான நினைவுகளாக எழுதிச் செல்கிறார். தன்வரலாறு எழுதுவதற்கென்று கிடைத்த குக்கன்ஹைம் நிதியின் பெரும்பகுதியில் தோட்ட வேலைக்கு ஒரு டிராக்டர் வாங்கிவிட்டதையும் சிரித்துக்கொண்டே சொல்கிறார். எழுதப்படாத அந்தத் தன்வரலாற்றின் சிதறல்கள்தாம் இக்கட்டுரை.

இதில் மாணவர்கள் நின்று படிக்க வேண்டிய இடம் ஒன்று உண்டு. நியூயார்க் நகரிலிருந்து மலைப்பகுதியில் உள்ள தம் வீட்டுக்குத் தனியே கார் ஓட்டிச் செல்லும்போது மருத்துவரின் தொலைபேசிச் செய்தி வருகிறது. அதன்பின் வழியெங்கும் நிலக்காட்சி தாங்க முடியாத அழகோடு தெரிகிறது. கேட்ஸ்கில் மலைகள் சட்டமிட்ட படம் போல எழும்போது, இதை இன்னும் எத்தனை முறை காண்போம் என்ற கேள்வி எழுகிறது. உடனே, அதே மலைகளை வரைந்த தாமஸ் கோலின் (1801–1848) ஓவியங்கள் நினைவுக்கு வருகின்றன. கலை அவருக்கு ஆறுதல் சொல்வதாக இங்கே ஒரு சொல்கூட இல்லை. ஐம்பது ஆண்டுக் காலம் பார்ப்பதையே தொழிலாகக் கொண்ட கண், பேரிடி விழுந்த நேரத்திலும் தன் வேலையைச் செய்கிறது, அவ்வளவுதான். துயரத்தை வருணிக்கும் எந்தச் சொல்லையும்விட இது ஆழமாகத் தைக்கிறது.

இறப்பு சிற்பத்தைப் போன்றதன்று, ஓவியத்தைப் போன்றது என்கிறார் ஷெல்டால். ஒரு பக்கத்திலிருந்து மட்டுமே அதைப் பார்க்க முடியும். சிற்பத்தைச் சுற்றிவந்து பார்க்கலாம். ஓவியத்தின் பின்னால் போனால் இருப்பது வெறும் சுவர். விமர்சகருக்கே வாய்க்கக்கூடிய உவமை இது. மறுபக்கத்தைப் பற்றி நம்பிக்கையாகவோ மறுப்பாகவோ ஒன்றும் சொல்லாமல், நிற்கும் இடத்தை மட்டும் சரியாகச் சொல்லிவிடுகிறது. (இளமையில் அவரைக் கலையின் பக்கம் திருப்பியவற்றுள் ஒன்று, இத்தாலியின் மொந்தெர்க்கி ஊரில் பியரோ தெல்லா பிரான்செஸ்கா வரைந்த கருவுற்ற மரியாளின் சுவரோவியம். அது அப்போது இருந்தது ஒரு கல்லறைத் தோட்டச் சிற்றாலயத்தில்!)

2020 ஏப்ரலில், பெருந்தொற்றால் அருங்காட்சியகங்கள் மூடிக் கிடந்தபோது, பழைய ஓவிய மேதைகளைப் பற்றி இன்னொரு கட்டுரை எழுதினார். இன்றைய கலைக்கு இல்லாத கனம் அவர்களிடம் இருப்பதற்குக் காரணம், சாவை அன்றாடம் அருகில் கண்டு வாழ்ந்ததுதான் என்பது அவர் வாதம். மாட்ரிட் பிராடோ அருங்காட்சியகத்தில் உள்ள வெலாஸ்கெஸின் 'லாஸ் மெனினாஸ்' (1656) இதில் முதன்மையான சான்று.

இந்த வாதத்தை அப்படியே ஏற்க முடியாது. சாவு அக்காலத்தில் எல்லார் வீட்டுக்கும் வந்தது. சாதாரண ஓவியர்களின் வீட்டுக்கும்தான். அவர்கள் அனைவரும் வெலாஸ்கெஸ் ஆகிவிடவில்லை. ஆயினும் ஓவியத்தைப் பார்க்கும் முறை என்ற அளவில் அவர் சொல்வது பயன் தருகிறது. அந்த ஓவியம் தீட்டப்படுவதற்குப் பத்தாண்டுகளுக்கு முன்பே மன்னர் நான்காம் பிலிப்பின் வாரிசான இளவரசர் பல்தாசர் கார்லோஸ் பதினாறு வயதில் இறந்திருந்தார். நடுவில் ஒளியில் நிற்கும் ஐந்து வயது மார்கரித்தா 21 வயதில் வியன்னாவில் இறந்தாள். வெலாஸ்கெஸுக்கோ இன்னும் நான்கே ஆண்டுகள். இவற்றைத் தெரிந்துகொண்டு பார்ப்பவருக்கு அந்தக் குழந்தையின் நிமிர்ந்த நிலை முன்போல் தெரியாது. அருங்காட்சியகங்கள் மீண்டும் திறக்கும்போது படங்கள் மாறியிருக்கமாட்டா, பார்க்கும் நாம்தான் மாறியிருப்போம் என்றும் அக்கட்டுரையில் எழுதினார். சிறிது காலத்தில் அதையும் மறப்போம் என்று சேர்த்துக்கொண்டது அவருடைய நேர்மை.

அவருடைய வாக்கியங்களின் மினுக்கு சில இடங்களில் திரையாகவும் ஆகிறது. குடிப்பழக்கத்தையும், தாம் தன்னலத்தில் மூழ்கிய மனிதர் என்பதையும் ஒளிக்காமல் சொல்கிறார். ஆனால் சொல்லும் அழகில் குற்றம் பாதி கரைந்துவிடுகிறது. அவர் மகள் ஏடா கால்ஹூன் 2022இல் வெளியிட்ட 'ஆல்சோ எ போயட்' நூலில் அந்த வீட்டில் வளர்ந்த பிள்ளையின் பக்கம் இருக்கிறது. கவிஞர் ஃபிராங்க் ஓ'ஹாராவின் வாழ்க்கை வரலாற்றை எழுதத் தொடங்கித் தந்தை கைவிட, அவர் பதிவுசெய்த பேட்டி நாடாக்களை மகள் கண்டெடுத்து அந்தப் பணியைத் தொடர முயன்ற கதை அது. இரண்டையும் அடுத்தடுத்துப் படிப்பது நல்லது.

நோயெதிர்ப்பாற்றலைத் தூண்டும் சிகிச்சை பலன் அளித்ததால், கணித்த ஆறு மாதம் மூன்று ஆண்டுகளுக்கு மேலாக நீண்டது. அந்த நாட்களிலும் கண்காட்சிகளைப் பற்றி எழுதிக்கொண்டிருந்தார். 2022 அக்டோபர் 21 அன்று, கேட்ஸ்கில் மலைப்பகுதியில் பொவினா என்னும் ஊரில் உள்ள தம் வீட்டில் 80ஆம் வயதில் காலமானார். 2019 முதல் 2022 வரை எழுதியவை 'தி ஆர்ட் ஆஃப் டையிங்' என்ற அதே தலைப்பில் 2024இல் நூலாக வந்துள்ளன.