பெட்டியைப் பார்த்துக் கேட்பவர்கள்

இணையத்திலிருந்து பாட்டைக் கொண்டுவரும் ஸ்ட்ரீமர் பெட்டிகளின் மதிப்புரைகள் இப்போது ஒரே வார்ப்பில் வருகின்றன. லட்ச ரூபாய்க்கு மேல் விலையுள்ள அலுமினியப் பெட்டி ஒன்று வந்து இறங்கும். மதிப்புரைக்காரர் பழையதைக் கழற்றிப் புதியதை மாட்டுவார். முதல் பாட்டிலேயே திரை விலகும், மேடை அகலும், மிருதங்கத்தின் தொப்பிக்கு உடம்பு வரும். யாராவது சந்தேகப்பட்டால், "உங்கள் காதை நம்புங்கள்" என்று பதில் வரும்.

அந்தப் பெட்டியின் வேலை, சர்வரிலிருந்து வரும் கோப்பை வாங்கி, சுருக்கியதை விரித்து, எண்களை ஒலியலையாக மாற்றும் டாக்கிடம் ஒப்படைப்பது. அதுவரை ஒலி என்று ஒன்று கிடையாது, எண்கள்தான். எண்கள் பிசகாமல் போய்ச் சேர்ந்தால் பெட்டியின் கடமை முடிந்தது. அதற்கு லட்சங்கள் தேவையில்லை. 2015-இல் 35 டாலருக்கு வந்த கூகுளின் குரோம்காஸ்ட் ஆடியோ, 24 பிட், 96 கிலோஹெர்ட்ஸ் வரை ஆப்டிகல் வழியே தந்தது. 2019-இல் அதைத் தயாரிப்பதை நிறுத்திவிட்டார்கள்.

எல்லாப் பெட்டியும் ஒன்றே என்று சொல்ல வரவில்லை. புளூடூத்தில் அனுப்பினால் பாட்டு பெரும்பாலும் இன்னொரு முறை சுருங்குகிறது. வைஃபையில் அந்த இழப்பு இல்லை. சில கருவிகள் 44.1 கிலோஹெர்ட்ஸ் கோப்பைக் கேட்காமலே 48 ஆக்கிவிடுகின்றன. உள்ளேயே டாக் வைத்திருக்கும் பெட்டியில் அந்த டாக் மட்டமாக இருக்கலாம். கணினியின் மின்னிரைச்சல் யுஎஸ்பி வழியே ஆம்ப்ளிஃபையருக்குப் போய் முனகுவதும் உண்டு. ஆப்டிகல் கேபிள் மாட்டினால் பெரும்பாலும் அடங்கிவிடும். நல்ல ஆப்புக்கும் அறைக்கேற்ற ஈக்வலைசருக்கும் பணம் கொடுப்பதில் தவறே இல்லை.

எண்கள் சரியாக இருந்தாலும் அவை வந்துசேரும் நேரம் பிசகும், அதுதான் ஜிட்டர் என்பார்கள். கோஆக்சியல், ஆப்டிகல் இணைப்புகளில் நேரத்தைச் சொல்வது அனுப்பும் கருவி என்பதால் இதில் ஓரளவு உண்மை இருந்தது. இன்றைய யுஎஸ்பி டாக்குகளில் பெரும்பாலானவை தம் சொந்தக் கடிகாரத்தை வைத்துக்கொண்டு தேவைப்படும்போது தரவைக் கேட்டு வாங்குகின்றன. இணையக் கேபிளை மாற்றினால் ஒலி மாறும் என்பவர்கள் பாட்டு ஓடும்போது அந்தக் கேபிளைப் பிடுங்கிப் பார்க்கலாம். பாட்டு இன்னும் சில நொடிகளாவது ஓடும். ஏற்கெனவே நினைவகத்தில் வந்து உட்கார்ந்துவிட்டதற்குக் கேபிளின் வெள்ளி முலாம் என்ன செய்யும்?

இதையெல்லாம் விட்டுவிடலாம். என் பழைய வழக்கு, இந்த மதிப்புரைகள் கேட்கும் முறையோடு. எந்தப் பெட்டி ஓடுகிறது, அதன் விலை என்ன என்பது கேட்பவருக்கு முன்பே தெரியும். 1994-இல் ஒலி ஆய்வாளர்கள் ஃபிளாய்ட் டூலும் ஷான் ஆலிவும் ஹார்மன் நிறுவனத்தில் 40 பேரை வைத்து ஸ்பீக்கர்களைச் சோதித்தார்கள். திரைக்குப் பின்னால் வைத்தபோது ஒரு மதிப்பெண், திரையை எடுத்ததும் வேறொரு மதிப்பெண். அறையில் ஸ்பீக்கரின் இடத்தை மாற்றினால் உண்மையிலேயே ஒலி மாறும். கண்ணால் பார்த்துக் கேட்டபோது அந்த மாற்றத்தைக்கூட அவர்கள் அவ்வளவாகப் பொருட்படுத்தவில்லை. அனுபவசாலிகளும் தப்பவில்லை. ஸ்பீக்கரிலேயே இந்தக் கதி என்றால், எண்களைக் கடத்தும் பெட்டியைப் பற்றிய தீர்ப்பை எதை நம்பி ஏற்பது?

அடுத்தது ஒலியளவு. இரண்டில் ஒன்று அரை டெசிபல் உரக்க ஒலித்தாலும், உரப்பு கூடியதாகத் தோன்றாது. தெளிவு கூடியதாகத் தோன்றும். அதனால்தான் ஒப்பிடுமுன் அளவை 0.1 டெசிபலுக்குள் சமன் செய்ய வேண்டும் என்கிறார்கள். ஸ்ட்ரீமர்களில் இந்தக் குளறுபடி இன்னும் அதிகம். ஸ்பாட்டிஃபை போன்ற சேவைகள் பாட்டுகளின் உரப்பைத் தாமே ஏற்றி இறக்குகின்றன. ஒரு கருவியில் அந்த வசதி இயங்கி, மற்றதில் அணைந்திருந்தால் வித்தியாசம் பல டெசிபல்களைத் தொடும். ஒரு மல்டிமீட்டரும் சோதனை ஒலியும் இருந்தால் பத்து நிமிட வேலை. நான் படிக்கும் மதிப்புரைகளில் அதைச் செய்ததாக ஒரு வரி கிடைப்பது அபூர்வம். பவர் கேபிளின் பெயர் மட்டும் தவறாமல் இருக்கிறது.

காதை நம்பச் சொல்பவர்கள் 2022-இல் நடந்ததை எளிதில் மறக்கிறார்கள். அமெரிக்காவின் மொபைல் ஃபிடெலிட்டி நிறுவனத்தின் இசைத்தட்டுகளை, அசல் நாடாவிலிருந்து முழுக்க அனலாக் வழியில் வந்தவை என்று நம்பி ரசிகர்கள் வாங்கிக்கொண்டிருந்தார்கள். அவற்றில் பல, 2011 முதலே டிஜிட்டல் படியைக் கடந்து வந்தவை என்று தெரியவந்தது. டிஜிட்டல் வாடையே ஆகாது என்று சொல்லிவந்தவர்கள் அந்தத் தட்டுகளைத்தான் அனலாகின் உச்சம் என்று புகழ்ந்திருந்தார்கள். உண்மை வெளிவந்தது அவர்கள் காதால் அல்ல. ராகத்தை இரண்டு பிடியில் சொல்லிவிடும் காதுக்கும் இது பொருந்தும். அந்தத் திறமை வேறு, டாக்குக்கு முன்னால் நிற்பது எந்தப் பெட்டி என்று கண்டுபிடிப்பது வேறு.

கான்கிரீட் சுவரும் டைல்ஸ் தரையுமான நம் கூடத்தில் ஸ்பீக்கரை ஓரடி நகர்த்தினால் பாஸ் பல டெசிபல் மாறும். மைக் வைத்தால் அளவிலும் தெரியும். அந்தப் பக்கம் செலவிட வேண்டிய பணம் ஸ்ட்ரீமருக்குப் போகிறது.

மறைத்துக் கேட்கும் சோதனை பதற்றம் தரும், நுணுக்கம் நாள்கணக்கில் கேட்டால்தான் பிடிபடும் என்பது மதிப்புரைக்காரர்கள் வைத்திருக்கும் கடைசி வாதம். முதல் பாட்டிலேயே திரை விலகியது என்று எழுதிய அதே கைதான் இதையும் எழுதுகிறது. சரி, அவசரம் வேண்டாம். வீட்டில் ஒருவர் இரண்டு பெட்டிகளையும் மூடி வைத்து, அளவைச் சமன் செய்து, நாணயத்தைச் சுண்டி எதையாவது மாட்டட்டும். மதிப்புரைக்காரர் ஒரு வாரம் கேட்டுவிட்டு எது என்று எழுதி வைக்கட்டும். இப்படிப் பத்து முறை. குருட்டாம்போக்கில் ஒன்பதோ பத்தோ சரியாக அமைய நூற்றில் ஒரு வாய்ப்புதான் என்பதால், அப்படி வெல்பவரின் கட்டுரையை வரி விடாமல் படிப்பேன். அதுவரை விலையையும் பின்புறத்துச் சாக்கெட்டுகளையும் பார்த்துவிட்டுப் பக்கத்தைப் புரட்டிக்கொண்டிருப்பேன்.