பேஸ் வரட்டும், அவசரமில்லை

இளமையில் கேட்ட பாட்டின் சாயலில் புதுப் பாட்டுக் கட்டுகிறவரை எடைபோட வேண்டிய இடம் பேஸ் கிட்டார். பழைய கீபோர்டு ஒலி, டேப் இரைச்சல், எக்கோ எல்லாம் அதற்கு அடுத்துத்தான். பூவத்திலிருந்து திருமலைராயன்பட்டினம் வரை கோயில் மேடைகளை விடாமல் பார்க்கும் மெல்லிசை ரசிகர்களும் இந்த ஒரு விஷயத்தில் தப்புக் கணக்குப் போடுகிறார்கள்.

தப்புக் கணக்கு முழுக்க ஒரே ஆளைப் பற்றியது. ஐம்பதைத் தாண்டிய கீபோர்டுக்காரர். பெயர் வேண்டாம், இந்தப் பக்கத்தை வாரம் தவறாமல் புரட்டுகிறவர்கள் கண்டுபிடித்துவிடுவார்கள். சினிமாப் பாட்டுகளுக்கு நடுவே சொந்த மெட்டில் இரண்டு மூன்றைச் சொருகுவது அவர் வழக்கம். எல்லாமே 1980-களின் வாசனை. ஆனால் பல்லவிக்குப் பேஸ் இல்லை, முதல் பிஜிஎம்முக்கு இல்லை, முதல் சரணத்துக்கும் இல்லை. பேஸ் கிட்டார்காரர் மேடையில்தான் இருக்கிறார். இடது உள்ளங்கையால் தந்திகளை அழுத்திப் பிடித்தபடி சும்மா நிற்கிறார். கீபோர்டுக்காரரின் இடது கையும் இடுப்பில். இரண்டாம் சரணத்தில் பாடகர் முதல் வரியை முடித்து மூச்சு வாங்கும்போது, அடுத்த தட்டுக்கு அரைத் தட்டு முன்னால், பேஸ் உள்ளே வருகிறது. நாற்காலிகளுக்குப் பின்னால் நிற்பவர்கள் அதற்குள் தீர்ப்பைச் சொல்லி முடித்திருப்பார்கள்: மிக்ஸரில் கோளாறு, சவுண்ட் சர்வீஸ் சரியில்லை, ஆளுக்கு வயதாகிவிட்டது.

கோளாறு ஒன்றும் இல்லை. 1980-களின் பாட்டு காரைக்கால் பக்கத்துச் சிறுவனின் காதுக்கு எந்த வழியாக வந்ததோ, அந்த வழியையே அவர் மெட்டுக்குள் வைக்கிறார்.

முதல் வழி குழாய். கூம்பு ஒலிபெருக்கிக்கு ஊரில் அதுதான் பெயர். கல்யாணமோ காதுகுத்தோ, பந்தக்கால் நட்ட கையோடு மூங்கிலில் குழாயைக் கட்டிப் பக்கத்து ஊரைப் பார்த்துத் திருப்பிவிடுவார்கள். பேச்சைத் தூரம் கொண்டுபோகச் செய்யப்பட்ட சாதனம் அது. சுமார் 300 ஹெர்ட்ஸுக்குக் கீழே அதனால் பெரிதாக எதையும் தர முடியாது. பேஸ் கிட்டாரின் தடித்த தந்தியை அழுத்தாமல் மீட்டினால் வருவது 41 ஹெர்ட்ஸ், மெல்லிய தந்தியில் 98. ஆக, வாத்தியத்தின் அடிச்சுரங்கள் கிட்டத்தட்ட முழுவதுமே குழாய்க்கு வெளியே நின்றுவிடும். உச்சத்து ஒலிகளைத் தூரம் போகப் போகக் காற்று தின்றுவிடும். இரவில் தரை குளிர்ந்து மேலே காற்று வெதுவெதுப்பாக இருந்தால், ஒலி மேலே போய்த் தொலையாமல் வளைந்து கீழிறங்கும். அறுவடை முடிந்த வயலைத் தாண்டி அடுத்த ஊருக்கும் பாட்டுக் கேட்பது அதனால்தான். அப்படி வந்துசேர்வது குரல், புல்லாங்குழல், வயலின், தபேலாவின் வலது பக்கத் தட்டு. ஸ்டீரியோவில் பாடல் பதிவான முதல் தமிழ்ப் படம் என்று சொல்லப்படும் 'ப்ரியா' 1978-இல் வந்தது. சென்னை ஸ்டூடியோ இடமும் வலமுமாகப் பிரித்துக் கொடுத்ததை மூங்கில் உச்சிக் குழாய் மறுபடி ஒன்றாக்கித்தான் ஊருக்குக் கொடுத்தது.

அடுத்தது இலங்கை வானொலி. 1967-இல் கூட்டுத்தாபனமான பிறகும் ஊர் வாயில் அது சிலோன் ரேடியோதான். மத்திய அலைக்கு உப்புநீர் நல்ல கடத்தி. தரையைவிடக் கடல்மேல் அது நெடுந்தூரம் வலுக் குறையாமல் ஓடும். டெல்டாக் கரையோர வீடுகளுக்குக் கொழும்பு பக்கத்து ஊர் ஆனது அப்படித்தான். இருட்டிய பிறகு வானத்தில் அயனி அடுக்கு மாறும். அங்கே பட்டுத் திரும்பும் அலையும் நேராக வரும் அலையும் மோதிக்கொள்ள, பாட்டு ஏறி இறங்கும். கீபோர்டுக்காரருடைய சொந்தப் பாட்டு ஒன்றில் ஸ்ட்ரிங்ஸ் காரணமில்லாமல் தணிந்து மறுபடி எழும். அதையும் வால்யூம் பெடல் கோளாறு என்றே பேசிக்கொண்டார்கள்.

மூன்றாவது வழி கேசட். பேஸ் காதுக்கு முதன்முதலில் வந்தது இதில்தான். பிலிப்ஸ் 1963-இல் அறிமுகப்படுத்திய கேசட், 1980-களில் தமிழ்நாட்டுக் கடைத்தெருக்களைப் பிடித்தது. காரைக்காலுக்கு இதில் ஒரு சாதகம் உண்டு. 1954 நவம்பர் 1 வரை பிரெஞ்சு நிர்வாகத்தில் இருந்த ஊர்; பிரான்சில் குடியேறியவர்களும், வளைகுடாவுக்கும் சிங்கப்பூருக்கும் பிழைக்கப் போனவர்களும் விடுமுறைக்கு வரும்போது டூ-இன்-ஒன் செட்டும் கூடவே வந்தது. திண்ணையில் செட்டை வைத்து, மண்டையில் படும்படி உட்கார்ந்து கேட்ட பையனுக்கு, அதுவரை மனப்பாடமாகத் தெரிந்த பாட்டுக்குக் கீழே இன்னொரு பாட்டு ஓடுவது தெரிந்தது. ரெக்கார்டிங் சென்டரில் வெற்றுக் கேசட்டையும் பட்டியலையும் கொடுத்தால் பதிந்து தருவார்கள். 60 என்றால் பக்கத்துக்கு 30 நிமிடம், 90 என்றால் 45. பக்கத்தின் கடைசிப் பாட்டு பல நேரம் இரண்டாம் சரணத்திலேயே அறுந்துபோகும். (நம்மவர் ஒரு பாட்டை இரண்டாம் சரணத்தின் நடுவில் சட்டென்று நிறுத்திவிடுவார். கூட்டம் கரண்ட் போனதாக நினைக்கிறது.)

இப்போது பேஸ் தாமதமாக வரும் அந்தப் பாட்டை முதலிலிருந்து பார்த்தால் கணக்கு சரியாக வரும். பல்லவியும் முதல் சரணமும் குழாய் வயது. இரண்டாம் சரணம் கேசட் வயது. நடுவில் பன்னிரண்டு வயதுப் பையன் பதினெட்டு ஆகிறான். பேஸை முதல் வரியோடு சேர்த்து இறக்கியிருந்தால், பாடகர் மேல் ஸ்தாயிக்கு ஏறும் ஆரவாரத்தில் அது யாருக்கும் தெரியாது. பாடகர் வாயை மூடியிருக்கும் அந்த அரைத் தட்டில் வந்தால்தான் தெரியும். டெஸ்ட் மேட்சில் ஆஃப் ஸ்டம்புக்கு வெளியே போகும் பந்துகளை முதல் ஒரு மணி நேரம் விட்டுக்கொண்டே இருக்கிற தொடக்க ஆட்டக்காரரைக் கேலரி கிண்டலடிக்குமே, இங்கே நடப்பதும் அதுதான். விடப்படும் பந்து ஸ்கோர் புத்தகத்தில் வெறும் புள்ளிதான்.

எதிர்க்கட்சிக்காரர்களின் வாதத்தில் பலம் இல்லாமல் இல்லை. 'அன்னக்கிளி' வந்த 1976-க்குப் பிறகு தமிழ்ச் சினிமாப் பாட்டில் பேஸ் கிட்டார் தனி மெட்டாகவே நடக்கத் தொடங்கியது. குரல் ஒரு பக்கம் போக, பேஸ் இன்னொரு பக்கம் போய்ச் சந்திக்கும். அந்தக் காலத்துப் பாட்டின் முதுகெலும்பே பேஸ்தான், அதை எடுத்துவிட்டால் எதை மீட்டெடுக்கிறார் என்று அவர்கள் கேட்கிறார்கள். கேள்வி நியாயமானது. ஆனால் இப்படிக் கேட்பவர்களில் பலர் அந்தப் பேஸைக் கேட்டது பின்னாளில், ஹெட்போன் மாட்டிக்கொண்டு. இசைத்தட்டில் இருந்தது வேறு, பந்தலில் கேட்டது வேறு.

இன்னொன்றையும் அவர்கள் கவனிப்பதில்லை. ஒரு சுரத்தின் மடங்குகள் மட்டும் காதில் விழுந்தால், இல்லாத அடிச்சுரத்தை மூளை தானே நிரப்பிக்கொள்ளும். ஒலியியலில் நிறுவப்பட்ட உண்மை இது. கீபோர்டுக்காரரின் இடது கை இடுப்பில் இருக்கும்போது வலது கை அந்த வேலையைத்தான் பார்க்கிறது. பேஸ் ஷட்ஜத்தில் நிற்க வேண்டிய இடத்தில் ஸ்ட்ரிங்ஸில் மேல் ஷட்ஜமும் பஞ்சமமும் வைக்கிறார். பேஸ் இல்லை என்று சத்தம் போடுகிறவர்களின் கால் அதற்குத் தாளம் போடுகிறது.

மற்றவர்கள் போகும் பாதை எளிது. இப்போது மென்பொருளில் டேப் இரைச்சல், இசைத்தட்டுக் கீறல், சுருதி நடுக்கம் எல்லாம் ஒரு பொத்தானில் கிடைக்கிறது. 1983-இல் யமஹா கொண்டுவந்த டிஎக்ஸ்7 கீபோர்டின் மணி கலந்த பியானோ ஒலி கைபேசியிலேயே இருக்கிறது. 1986-இன் 'புன்னகை மன்னன்', 'விக்ரம்' படங்களின் மின்னிசைச் சாயலை வரவழைக்க ஒரு மாலை போதும். ஜப்பானில் 1980-களில் வந்த சிட்டி பாப் பாட்டுகளைத் தோண்டியெடுத்து உலகம் முழுக்க இளைஞர்கள் போலி செய்வதும் இதே முறையில்தான். கேட்டவுடன் எந்த ஆண்டு என்று சொல்லிவிடலாம், யாருடைய இளமை என்று சொல்ல முடியாது. அந்த வகைப் பாட்டு இந்தப் பத்திக்குப் பிடிப்பதில்லை. அதை மறைக்க வேண்டியதும் இல்லை.

2018-இன் '96' படம் வேறு தினுசு. தஞ்சாவூர்ப் பள்ளியில் 1990-களில் படித்தவர்கள் மீண்டும் கூடும் கதை. அதில் 1991-இன் 'தளபதி' பாட்டை நாயகி பக்கவாத்தியம் எதுவும் இல்லாமல் பாடுவார். தியேட்டரில் கண்ணைத் துடைத்துக்கொண்டவர்கள் யாரும் பேஸ் எங்கே என்று கேட்கவில்லை. சினிமா செய்தால் கலை, கோயில் மேடையில் செய்தால் சவுண்ட் கோளாறா?

பழைய பாட்டையே திரும்பப் பதிந்து வெளியிடலாமே என்பார்கள். 1957-ஆம் ஆண்டுப் பதிப்புரிமைச் சட்டத்தில் 2012-இல் சேர்ந்த 31சி பிரிவு அதற்கு வழி வைத்திருக்கிறது: முதல் பதிவு வந்த ஆண்டு முடிந்து ஐந்து ஆண்டுகள் கழிய வேண்டும், உரிமைத் தொகையை முன்கூட்டிக் கட்ட வேண்டும், அதுவும் ஆண்டுக்குக் குறைந்தது 50,000 பிரதிகளுக்கான கணக்கில். மெட்டிலும் வரியிலும் பதிவுக்குத் தேவைப்படாத மாற்றம் கூடாது. பேஸை இரண்டாம் சரணம் வரை நிறுத்திவைப்பது எந்தக் கணக்கில் சேரும் என்று வழக்கறிஞரிடம் கேட்பதைவிடப் புது மெட்டுப் போடுவது மலிவு.

கேட்பவர் பக்கமும் ஒரு கணக்கு உண்டு. 1989-இல் ஹோல்புரூக், ஷிண்ட்லர் என்ற அமெரிக்க ஆய்வாளர்கள், ஒருவர் சுமார் 23 அல்லது 24 வயதாக இருந்தபோது வெளிவந்த பாட்டுகளே பின்னாளிலும் அவருக்கு மிகவும் பிடித்திருக்கின்றன என்று கண்டார்கள். 2013-இல் வந்த வேறொரு ஆய்வில், இளைஞர்களுக்குத் தங்கள் பெற்றோரின் இளமைக் காலப் பாட்டிலும் அதே ஒட்டுதல் இருப்பது தெரிந்தது. மேடைக்கு வரும் விருப்பச் சீட்டுகளில் இருபது வயதுக்காரர் 1980-களின் பாட்டைக் கேட்பது அப்படி வந்த ஒட்டுதல்தான். அப்பாவின் செட்டில் கேட்டவர்கள் அவர்கள். குழாயில் கேட்டவர்கள் அல்ல. குழாய்க்கும் இன்று பழைய இடம் இல்லை, பந்தலை நிறைப்பவை பெட்டி ஸ்பீக்கர்கள்.

இனி வரப்போவது பற்றி. 2000-களில் வளர்ந்தவர்கள் விழாக் கமிட்டிகளுக்கு வந்துகொண்டிருக்கிறார்கள். மினி பஸ்ஸில் சீட்டுக்கு அடியில் சப்வூஃபர் அதிர, எம்பி3 சிடியில் பாட்டுக் கேட்டவர்கள் இவர்கள். இவர்களுடைய ஏக்கப் பாட்டு தலைகீழாக இருக்கும்: முதலில் பேஸ், மெட்டு பிறகு. குறைந்த அளவுக் கோப்பாகச் சுருக்கும்போது ஹை-ஹாட்டில் சேரும் சலசலப்பை இன்னும் பத்து ஆண்டுகளில் யாராவது ஒருவர் வேண்டுமென்றே சேர்ப்பார், அதைப் புதுமை என்று கொண்டாடுவார்கள். நம்மவருக்கு இந்தக் கமிட்டிகளிடம் மரியாதை கிடைக்காது. இரவு பத்து மணிக்கு மேல் ஒலிபெருக்கி கூடாது என்பது 2000-ஆம் ஆண்டு விதி. விழாக்களுக்கு நள்ளிரவு வரை தளர்த்த ஆண்டுக்கு 15 நாள்தான் அரசுக்கு அதிகாரம். பூவத்தில் அந்த நாள்களைச் சொல்வது புதுச்சேரி அரசு, நண்டலாற்றைத் தாண்டினால் தமிழ்நாடு அரசு. எந்தக் கரையானாலும் மணி ஒன்பதே முக்கால் ஆனால் முதலில் வெட்டுப்படப்போவது அவருடைய சொந்தப் பாட்டு.

அவர்களுக்கும் அடுத்த வரிசை வேறு மாதிரி. கைபேசியின் சின்ன ஸ்பீக்கரில், ஆற்றங்கரைக் கட்டையில் உட்கார்ந்து, நாலு பேர் சுற்றிக் கேட்டு வளர்ந்தவர்கள். அந்த ஸ்பீக்கரும் குழாய் மாதிரிதான், கீழ்ச்சுரத்தைத் தராது. பேஸ் இல்லாத பாட்டு அவர்களுக்குப் பழக்கம். இரண்டாம் சரணத்தில் அது வரும்போது என்ன நடக்கிறதென்று புரிந்துகொள்ளப்போகிறவர்கள் அவர்கள்தான்.

குரலில் வேறொரு போக்குத் தெரிகிறது. 2024-இன் 'லால் சலாம்' படத்தில் மறைந்த இரண்டு பாடகர்களின் குரலைக் குடும்பத்தாரின் அனுமதியோடு செயற்கை நுண்ணறிவு வழியாக எழுப்பினார்கள். இது மேடைக்கும் வரும், லேப்டாப்பிலிருந்து. கூட்டம் ஒரு சீசன் கைதட்டும். பாடுகிறவர் மூச்சு வாங்குவதைப் பார்த்து உள்ளே நுழையும் பேஸ் வாசிப்புக்கு அங்கே வேலை இருக்காது. இந்தப் பத்திக்கு அந்தக் குரல்கள் மேல் உள்ள கோபமும் அதுதான்.

ஆனால் அதற்கு முன்பே, அடுத்த மாசி, பங்குனிக்குள், வேறு இரண்டு மூன்று குழுக்கள் இவரைப் பார்த்துப் பேஸை நிறுத்தி வாசிக்கத் தொடங்கும். எல்லோரும் இரண்டாம் சரணத்தின் முதல் தட்டிலேயே, பாடகரின் குரலோடு சேர்த்து, டிரம் ரோல் போட்டு இறக்குவார்கள். கைதட்டலும் கிடைக்கும். நம்மவர் அந்த மேடைக்கு அடுத்த நாள் வாசிப்பார், அரைத் தட்டு முன்னால் வருவார், மிக்ஸர்காரர் மறுபடியும் திட்டு வாங்குவார்.