ஃபிராங்க் சோலிச்சை யாரோடு ஒப்பிடுவது?

2023 ஏப்ரலில் நெப்ராஸ்கா பல்கலைக்கழக ஃபுட்பால் அணி, கிட்டத்தட்ட 20 வருடம் கழித்துத் தன் பழைய பயிற்சியாளர் ஃபிராங்க் சோலிச்சை மைதானத்துக்கு அழைத்து மரியாதை செய்தது. 2003ல் அதே அணிதான் அவரை வேலையை விட்டு அனுப்பியது.

ஃபுட்பால் என்றால் நம்ம ஊர் கால்பந்து இல்லை. முட்டை வடிவப் பந்தைக் கையில் இடுக்கிக்கொண்டு ஓடுகிற அமெரிக்க ஆட்டம். நெப்ராஸ்கா மாநிலத்தில் பெரிய தொழில்முறை அணி கிடையாது. மக்களுக்கு எல்லாமே இந்தப் பல்கலைக்கழக அணிதான்.

சோலிச் 1998 முதல் 2003 வரை 6 சீசன் இருந்தார். 58 வெற்றி, 19 தோல்வி. 2003 நவம்பரில் கொலராடோவை ஜெயித்த மறுநாள் வேலை போச்சு. அந்த சீசனில் அதுவரை 9 வெற்றி, 3 தோல்வி. அணி நடுத்தர நிலைக்குச் சரிவதை ஏற்க முடியாது என்பதுதான் விளையாட்டுத் துறை இயக்குநர் ஸ்டீவ் பீடர்சன் சொன்ன காரணம்.

இன்றைக்கு நெப்ராஸ்கா ரசிகர்கள் சோலிச்சைப் பற்றிப் பேசினால், 'அருமை தெரியாம அனுப்பிட்டோமே' என்கிற வருத்தம்தான் அதிகம். காரணம் புரிகிறது. அடுத்து வந்த பில் கலஹனின் முதல் சீசன் 5-6. வெற்றியைவிடத் தோல்வி அதிகமானது 1961க்குப் பிறகு அதுவே முதல் முறை. 2017 முதல் 2023 வரை தொடர்ந்து 7 சீசன் அதே கதை.

ஆனால் இந்த வருத்தம் சோலிச்சைப் பற்றிய மதிப்பீடு இல்லை என்பது என் கருத்து. அன்றைக்கு அவரை, முன்னால் இருந்த டாம் ஆஸ்போர்னோடு ஒப்பிட்டு மட்டம் தட்டினார்கள். 25 சீசன், 255 வெற்றி, 3 தேசியப் பட்டம் என்று இருந்த மனிதர் அவர். இன்றைக்குப் பின்னால் வந்தவர்களோடு ஒப்பிட்டு சோலிச்சைத் தூக்கிவைக்கிறார்கள். இரண்டு ஒப்பீட்டிலும் அவருடைய வேலை கண்ணில் படுவதே இல்லை.

நியாயமான ஒப்பீடு ஒன்று உண்டு. அது ஆஸ்போர்னின் முதல் 6 சீசன். அவரும் 1973ல், இரண்டு தேசியப் பட்டம் வென்ற பாப் டெவேனியிடமிருந்து அணியை வாங்கியவர்தான். 1978 வரை அவர் கணக்கு 55 வெற்றி, 16 தோல்வி, 2 டிரா. டிராவை அரை வெற்றியாக எடுத்தால் 76.7 சதவீதம். சோலிச்சுக்கு 75.3. அதாவது ஏறக்குறைய சமம்!

ஆஸ்போர்ன் மேலும் புகார் இருந்தது. பரம எதிரி ஓக்லஹோமாவிடம் முதல் 5 வருடமும் தோற்றார். முதல் தேசியப் பட்டம் வந்தது 1994ல், 22வது சீசனில். அதுவரை பொறுத்தார்களே, எப்படி? ஆரம்ப வருடங்களில் இயக்குநர் நாற்காலியில் இருந்தவர் டெவேனி. ஆஸ்போர்னைத் தனக்கு அடுத்த பயிற்சியாளராகத் தேர்ந்தெடுத்தவரே அவர்தான். சோலிச்சுக்கு வாய்த்தவரோ, 2002 கடைசியில் வெளியிலிருந்து பொறுப்பேற்க வந்தவர்.

எதிர்த்தரப்பையும் சொல்லணும். சராசரி சமமாக இருந்தாலும் போக்கு ஒன்றில்லை. சோலிச்சின் முதல் 4 சீசன் 42-9. 2001ல் தேசிய இறுதி ஆட்டம் வரை போனார். கடைசி 2 சீசன் 16-10. 2002ல் 7-7. ஆஸ்போர்ன் எந்த சீசனிலும் 9 வெற்றிக்குக் கீழே போனதில்லை. 2003ல் கான்சஸ் ஸ்டேட்டிடம் சொந்த மைதானத்திலேயே 38-9 என்று தோற்றதைப் பார்த்தவர்கள் கவலைப்பட்டதில் தப்பே இல்லை.

ஆனால் அந்தச் சரிவுக்கு வைத்தியமும் அதே வருடம்தான் ஆரம்பித்தது. 2003க்கு முன் சோலிச் தன் உதவியாளர்கள் பலரை மாற்றி, தடுப்பாட்டத்துக்கு போ பெலினியைக் கொண்டுவந்தார். 7-7 ஆக இருந்தது 9-3 ஆனது. எங்கள் தொழிலில் சொன்னால், பிழையைத் திருத்தி, திருத்தம் வேலை செய்ய ஆரம்பித்த வாரத்தில் ஆளை அனுப்பிவிட்டார்கள்.

அதிலிருந்து பாடம் படித்தார்களா என்றால், அதுவும் இல்லை. பின்னாளில் பெலினியே பயிற்சியாளராகி, 7 சீசனிலும் 9 வெற்றிக்குக் குறையாமல் கொடுத்தார். 2014ல் அவரையும் அனுப்பினார்கள். அப்போதும் அந்த சீசன் கணக்கு 9-3!

சோலிச் 2005ல் ஓஹையோ பல்கலைக்கழகத்துக்குப் போனார். அதுவரை பெரிதாகப் பேசப்படாத அணி. 16 சீசன், 115 வெற்றி. 2011ல் அந்த அணிக்கு வரலாற்றிலேயே முதல் பௌல் வெற்றி. ஆனால் மாநாட்டுப் பட்டம் மட்டும் கடைசி வரை கிடைக்கலை.

என் கணக்கில் அவர் மேதையும் இல்லை, தியாகியும் இல்லை. நல்ல பயிற்சியாளர். இன்னும் 2 சீசன் கொடுத்திருக்கணும்.