வால்வுத் தொற்று: கத்தி எடுக்க எது நேரம்?

இதய வால்வில் கிருமி குடியேறினால், முதலில் ஆன்டிபயாடிக்கால் தொற்றை அடக்கு, பிறகு கத்தியை எடு என்பதே பழைய விதி. இல்லாவிட்டால் புது வால்விலும் கிருமி ஏறிவிடும் என்ற அச்சம். 1965இல் அமெரிக்காவின் டியூக் பல்கலைக்கழக மருத்துவர்கள் தொற்று தீவிரமாக இருந்தபோதே வால்வை மாற்றியது அந்த விதியை அசைத்தது.

இன்று மூன்று நிலைகளில் அறுவை சிகிச்சை பரிந்துரைக்கப்படுகிறது: வால்வு சிதைந்து இதயம் செயலிழப்பது, மருந்துக்கு அடங்காத தொற்று, வால்வில் வளர்ந்த கிருமிக்கட்டி பிய்ந்து மூளைக்குப் போகும் ஆபத்து. முதல் இரண்டில் தயக்கத்துக்கு அதிக இடமில்லை. கிழிந்த வால்வை எந்த மருந்தும் தைக்காது; அதன் அடியில் கட்டிய சீழுக்குள் மருந்து சரியாக எட்டுவதுமில்லை.

விவாதம் மூன்றாவதில்தான். 2012இல் வெளியான தென்கொரிய ஆய்வில், பெரிய கிருமிக்கட்டி இருந்த 76 பேர் இரு பிரிவாகப் பிரிக்கப்பட்டனர். 48 மணி நேரத்துக்குள் அறுவை நடந்த பிரிவில், மருத்துவமனையில் மரணமோ 6 வாரத்துக்குள் கட்டி பிய்ந்து ரத்தக்குழாய் அடைப்போ நேர்ந்தது 3 சதவீதத்தினருக்கு. முதலில் மருந்து மட்டும் தந்த மற்றப் பிரிவில் 23 சதவீதத்தினருக்கு. கட்டி பிய்ந்து ரத்தக்குழாயை அடைப்பதைத் தடுப்பதில் இது பெரிய வெற்றி.

ஆனால் 6 மாத இறப்பில் குறிப்பிடத்தக்க வேறுபாடு இல்லை. செயற்கை வால்வில் தொற்று வந்தவர்கள் ஆய்வில் சேர்க்கப்படவில்லை. மருந்துப் பிரிவிலும் 77 சதவீதத்தினர் பின்னர் அறுவைக்குப் போனார்கள். எனவே இந்த ஆய்வு அளந்தது அறுவையின் நேரத்தையே. அறுவை தேவையா என்பதை அல்ல. அறுவை செய்துகொண்டவர்களே அதிகம் பிழைத்தார்கள் என்னும் மருத்துவமனைப் பதிவேடுகளையும் கவனமாகவே படிக்க வேண்டும்: அறுவை நாள்வரை உயிரோடு இருந்தவர்கள்தானே அந்தக் கணக்கில் வருகிறார்கள்?

அவசரத்துக்கும் விலை உண்டு. அறுவையின்போது இயங்கும் இதய–நுரையீரல் இயந்திரத்துக்கு, ரத்தம் உறையாமல் தடுக்கும் ஹெப்பாரின் தேவை. மூளையில் ரத்தம் கசிந்திருந்தால் அது கசிவைப் பெருக்கலாம். அதனால்தான் அத்தகையோருக்குப் பொதுவாக நான்கு வாரம் காத்திருக்கச் சொல்கிறார்கள். உலோக வால்வு பொருத்தினால் ஆயுள் முழுக்க வார்ஃபரின் என்னும் ரத்த உறைவுத் தடுப்பு மருந்து. மறுபடி தொற்று வரும் அபாயமும் தொடரும்.

ஆகவே எல்லோருக்கும் உடனே கத்தி என்பதும், மருந்து முடியட்டும் என்பதும் ஒரேயளவு தவறு. நோய் உறுதியான அன்றே இதயம், தொற்றுநோய், அறுவை நிபுணர்கள் கூடி முடிவெடுக்க வேண்டும். அந்த வசதி இல்லாத மருத்துவமனை, நோயாளி தளர்ந்த பிறகல்ல, எக்கோவில் கட்டி தெரிந்ததுமே பெரிய மையத்துக்கு அனுப்பட்டும்.